சிஞ்சில்லா: மலைப் பாறைகளில் வாழும் சிறு பிராணி

தென் அமெரிக்கக் கண்டத்தின் மேற்கு விளிம்பிலே, வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 7,000 கிலோமீற்றர் நீளத்திற்கு ஆண்டீஸ் என்னும் மலைத்தொடர் செல்கின்றது. பெரு, பொலிவியா, சிலி, ஆர்ஜென்டீனா ஆகிய நாடுகளின் மலைச்சரிவுகளில் ஒரு காலத்தில் இலட்சக்கணக்கில் வாழ்ந்த ஒரு சிறு பிராணிதான் சிஞ்சில்லா. எலி, அணில், முள்ளம்பன்றி ஆகியவற்றைப் போல இதுவும் கொறிக்கும் விலங்குகளின் வகுப்பைச் சேர்ந்தது. இதன் உரோமத்தின் மென்மையே இதற்கு அழிவைக் கொண்டுவந்தது. தண்ணீரும் புல்லும் அருகிய வரண்ட மலையிலே இது எப்படி வாழ்கின்றது, எவ்வாறு அந்த மலையை இழந்தது, எஞ்சியவற்றின் நிலை என்ன என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

உருவமும் உரோமமும்

சிஞ்சில்லாவில் இரு இனங்கள் உண்டு. ஒன்று நீண்ட வாலுடையது. இது சிலி நாட்டின் கரையோர மலைகளில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 முதல் 1,650 மீற்றர் வரையான உயரத்தில் வாழ்கின்றது. மற்றது குட்டை வாலுடையது. இது ஆண்டீஸின் உள்மலைகளில், 3,000 மீற்றருக்கும் மேற்பட்ட உயரங்களில் காணப்படுகின்றது. இக்கட்டுரையில் பெரும்பாலும் நீண்ட வாலுடைய இனத்தைப் பற்றியே சொல்கின்றோம்.

காட்டில் வாழும் நீள்வால் சிஞ்சில்லா அரைக் கிலோவுக்கு மேல் நிறை கொள்வது அரிது. பெண் ஆணைவிடச் சற்றுப் பெரியது. பெரிய வட்டமான காதுகள், கரிய பெரிய கண்கள், நீண்ட மீசை மயிர்கள், அணிலின் வாலைப் போல மயிர் செறிந்த வால் என்பன இதன் அடையாளங்கள். முன்னங்கால்கள் குட்டையானவை. பின்னங்கால்கள் நீண்டு வலிமையாக இருப்பதால், பாறைக்குப் பாறை துள்ளிச் செல்ல முடிகின்றது. உரோமம் சாம்பல் நிறமானது. பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தால் பருந்தின் கண்ணுக்கும் இலகுவில் புலப்படாது.

இதன் உரோமத்தைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். எமது தலையில் ஒரு மயிர்க்காலிலிருந்து ஒன்று அல்லது இரண்டு மூன்று மயிர்களே முளைக்கின்றன. சிஞ்சில்லாவுக்கோ ஒரே மயிர்க்காலிலிருந்து ஐம்பது, அறுபது மயிர்கள் வரை முளைக்கும். ஒரு சதுர சென்ரிமீற்றர் தோலிலே 20,000க்கும் அதிகமான மயிர்கள் உள்ளன. அதாவது, எமது பெருவிரல் நகத்தின் அளவான இடத்தில் இத்தனை மயிர். இரவிலே மலையில் கடுங்குளிர் அடிக்கும்போது உடற்சூடு வெளியேறாமல் இந்தப் போர்வை காக்கின்றது.

ஆனால், குளிருக்கு நல்லதாக உள்ள போர்வை வெயிலுக்கு ஆகாது. இப்பிராணிக்கு எம்மைப் போல வியர்த்து உடலைக் குளிர்விக்க முடியாது. மயிர் குறைந்த பெரிய காதுகளின் வழியாகவே உடலின் சூட்டில் ஒரு பகுதி வெளியேறுகின்றது. வெப்பநிலை 30 பாகை செல்சியஸைத் தாண்டி, ஒதுங்குவதற்கு நிழலும் இல்லாவிட்டால் சூடு தாக்கி இறந்துபோகும். எனவே, ஆழமான குளிர்ந்த பாறைப் பொந்து இதற்கு உயிர் காக்கும் இடமாகும்.

இரவில் தொடங்கும் நாள்

பகல் முழுவதும் பாறை இடுக்குகளிலும், பாறைகளின் கீழுள்ள பொந்துகளிலும் சிஞ்சில்லா ஒதுங்கியிருக்கும். பொழுது சாயும் வேளையில் தலை நீட்டும். இருட்டிய பின் வெளியே வந்து மேயும். விடியுமுன் திரும்பிவிடும். தனித்து வாழும் வழக்கம் இதற்கில்லை. ஒரே பாறைச் சரிவில் பல குடும்பங்கள் கூட்டமாக வாழும். ஆபத்தைக் கண்டது ஒன்று குரைப்பது போல ஒலி எழுப்பினால், மற்றவையும் பொந்துகளுக்குள் பாய்ந்து மறையும்.

கல்பியோ எனப்படும் மலை நரி, பெரிய கொம்பு ஆந்தை என்பன இதன் முக்கிய பகைவர்கள். இவற்றை எதிர்த்துப் போரிடும் பலம் சிஞ்சில்லாவுக்கு இல்லை. ஆனால், ஒரு தந்திரம் உண்டு. பிடியில் அகப்பட்டால் அவ்விடத்து உரோமத்தைக் கொத்தாக உதிர்த்துவிடும். பகைவனின் வாயிலோ நகத்திலோ மயிர்தான் மிஞ்சும். பிராணி தப்பிவிடும். உதிர்ந்த இடத்தில் சில மாதங்களில் மறுபடி உரோமம் வளரும்.

ஆயினும், பொந்து கிட்டவாக இருந்தால்தான் இத்தந்திரத்தால் பயன் உண்டு. எந்தப் பாறையின் கீழே எந்தப் பொந்து, எது ஆழமானது, எதற்கு இரண்டாவது வாசல் உண்டு என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இந்த அறிவைத் தாயோடு வெளியே போய்வரும் காலத்திலேயே குட்டி பெறத் தொடங்குகின்றது. இதனைப் பின்னர் மறுபடி குறிப்பிடுவோம்.

உணவும் தண்ணீரும்

நீள்வால் சிஞ்சில்லா வாழும் மலைகளில் மழை மிகக் குறைவு. பெய்கின்ற சொற்ப மழையும் பெரும்பாலும் அந்நாட்டின் குளிர்காலமாகிய ஆனி, ஆடி, ஆவணி மாதங்களிலேயே பெய்கின்றது. பின்னர் மாதக்கணக்கில் வரட்சி. ஆறோ குளமோ அருகில் இல்லாத இடத்தில் இது எப்படித் தாகம் தீர்க்கின்றது?

இது உண்ணும் செடிகளில் உள்ள ஈரமும், இலைகளில் படியும் பனித்துளியுமே இதற்குப் பெரும்பாலும் போதும். பல்லாண்டு வாழும் மலைப்புல், பற்றைகளின் இலைகள், பட்டைகள், விதைகள் என்பன இதன் உணவு. அம்மலைகளில் கார்தோன் என்றொரு தாவரம் உண்டு. அது எமது அன்னாசியின் உறவு. அன்னாசியைப் போலவே முள் விளிம்புள்ள நீண்ட இலைகள் கொண்டது. வரட்சிக் காலத்தில் சதைப்பற்றான இத்தகைய தாவரங்களையும் கள்ளி வகைகளையும் கொறித்து ஈரத்தைப் பெறும். அதே கார்தோன் பற்றையின் அடியில் ஒளிந்துகொள்ளவும் செய்யும். ஒரே தாவரம் உணவாகவும் தண்ணீராகவும் வீடாகவும் உதவுகின்றது.

உண்ணும்போது பின்னங்கால்களில் நிமிர்ந்து குந்தி, முன்னங்கால்களைக் கைகளாகப் பாவித்து, அணில் பழம் தின்பது போலத் தின்னும். காய்ந்த புல்லும் பட்டையும் பல்லைத் தேய்க்கும். ஆனால், பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் தேய்வது ஈடாகிவிடும். காய்ந்த உணவில் சத்துக் குறைவு. எனவே, முதற்தடவை செரிக்காமல் வெளியேறும் சத்தை வீணாக்காது, தன் புழுக்கையில் ஒரு பகுதியை மறுபடி உண்ணும். முயல் வளர்த்தவர்கள் இதே பழக்கத்தை முயலிலும் கண்டிருப்பார்கள். இது நோயன்று. குறைந்த உணவிலிருந்து நிறைந்த பயனைப் பெறும் வழியாகும்.

தூசியில் ஒரு குளிப்பு

இத்தனை அடர்த்தியான உரோமம் நனைந்தால் காய்வதற்கு நெடுநேரம் பிடிக்கும். ஈரம் உள்ளே தங்கினால் குளிர் தாக்கும். தோலில் பூஞ்சண நோயும் பிடிக்கும். ஆகவே, சிஞ்சில்லா தண்ணீரில் குளிப்பதில்லை. மலையில் கிடைக்கும் நுண்ணிய தூசியிலே படுத்து உருண்டு புரளும். உரோமத்தில் உள்ள எண்ணெய்ப் பசையையும் அழுக்கையும் தூசி உறிஞ்சும். பின் எழுந்து உதறினால் எல்லாம் போய்விடும். கோழிகள் மண்ணைக் குடைந்து புழுதி குளிப்பதும் இவ்வகையானதே.

குடும்பமும் குட்டிகளும்

பெண் சிஞ்சில்லாவின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 111 நாட்கள். ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டு குட்டிகளே பிறக்கின்றன. சிலவேளை ஒன்று, சிலவேளை இரண்டுக்கு மேல். குட்டி பிறக்கும்போதே கண் திறந்திருக்கும். உடலெங்கும் உரோமம் இருக்கும். சில மணித்தியாலங்களில் ஓடியாடத் தொடங்கும். ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை பால் குடிக்கும்.

இதனை எமது வயல்களில் நெல்லைத் தின்னும் எலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எலியின் கர்ப்பகாலம் மூன்று வாரங்கள் மட்டில்தான். ஈற்றுக்கு ஆறு, எட்டு, பத்து என்று கண் திறவாத குஞ்சுகளைப் போடும். வருடத்தில் பல தடவை ஈனும். எத்தனையைக் கொன்றாலும் எலி மறுபடி பெருகிவிடுவது இதனாலேயே. சிஞ்சில்லாவின் வழி வேறு. குறைந்த குட்டிகள், நீண்ட கர்ப்பம், அதிக கவனம், நீண்ட ஆயுள். கூண்டில் வளர்க்கப்படுபவை 15, 20 வருடங்கள் வரைகூட வாழ்கின்றன. மனிதர் தலையிடாத மலையில் இவ்வழி நன்றாகவே பலித்தது. ஆனால், ஆயிரக்கணக்கில் கொல்லத் தொடங்கினால் இழப்பை ஈடுசெய்ய இவ்வழியால் முடியாது. பின்னர் நடந்ததை விளங்கிக்கொள்ள இந்த ஒப்பீடு உதவும்.

தோலுக்காக நடந்த வேட்டை

ஆண்டீஸ் மலை மக்கள் பழங்காலம் தொட்டே சிஞ்சில்லாவை அறிந்திருந்தனர். இன்கா அரசுக் காலத்திலும் இதன் உரோமம் பயன்பட்டது. பெருவில் பணிபுரிந்த யேசு சபைக் குரு ஹோசே தெ அக்கோஸ்தா 1590இல் வெளியிட்ட நூலில், அணிலை ஒத்த, மிக மென்மையான உரோமமுள்ள பிராணி என இதனைக் குறிப்பிட்டுள்ளார். ஆனால், மலைவாசிகள் தம் தேவைக்குச் சிலவற்றைப் பிடித்ததால் இனம் அழியவில்லை.

19ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் செல்வந்தர் மத்தியில் சிஞ்சில்லாத் தோலுக்கு மோகம் பிறந்தது. பிராணி சிறிது, எனவே நீண்ட மேலங்கி ஒன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட தோல்கள் தேவை. சிலி நாட்டில் 1820களின் பிற்பகுதியிலிருந்து வியாபார நோக்கில் வேட்டை நடந்தது. பொந்துகளின் வாசலில் பொறி வைத்தனர். பற்றைகளுக்குத் தீ வைத்து வெளியே விரட்டினர். நாய்களை ஏவினர். கீரியை ஒத்த ஒரு சிறு விலங்கைப் பழக்கிப் பொந்துக்குள் விட்டனர். வெடிமருந்து வைத்துப் பாறைகளைத் தகர்த்தவர்களும் உண்டு. வெடி வைத்தால் பிராணிகள் பல நசிந்து, தோலும் பயன்படாமற் போகும். இருந்த வீடும் மீளாது அழியும்.

1900ஆம் ஆண்டை ஒட்டிய வருடங்களில் ஆண்டொன்றுக்கு இலட்சக்கணக்கான தோல்கள் சிலியிலிருந்து ஏற்றுமதியாயின. பத்தே வருடங்களில் அது ஆயிரக்கணக்காகச் சுருங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதி முதல் 1910கள் வரை கொல்லப்பட்டவை 2 கோடிக்கும் மேல் என ஒரு மதிப்பீடு கூறுகின்றது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு பொருள் அருகினால் விலை ஏறும். விலை ஏறினால், எஞ்சிய சிலவற்றையும் தேடிப் பிடிப்பது இலாபமாகிவிடும். எண்ணிக்கை குறைந்துவிட்டது, இனி வேட்டை தானாக நின்றுவிடும் என்ற எண்ணம் சிஞ்சில்லாவின் விடயத்தில் பொய்த்தது. மலையில் வறுமையோடிருந்த வேட்டைக்காரருக்கு ஒரு தோல் பல நாட் கூலிக்குச் சமமானது. அவரைக் கொடியவர் என்று மட்டும் சொல்லிவிட்டு, தூர நகரத்தில் அந்த மேலங்கியை வாங்கியவரை மறந்துவிடக் கூடாது.

1910இல் சிலி, பொலிவியா, பெரு, ஆர்ஜென்டீனா ஆகிய நாடுகள் சேர்ந்து வேட்டையையும் வியாபாரத்தையும் தடை செய்ய உடன்பட்டன. ஆனால், மலையிலே காவல் இல்லாததால் கள்ள வேட்டை தொடர்ந்தது. 1929இல் சிலி கொண்டுவந்த வேட்டைச் சட்டம் ஓரளவு பலனளித்தது. அதற்குள் பெரும்பாலான மலைகள் வெறுமையாகிவிட்டன.

கூண்டிலே பெருகிய இனம்

சிலியில் பணியாற்றிய மத்தையஸ் சாப்மன் என்னும் அமெரிக்கச் சுரங்கப் பொறியியலாளர், 1923இல் 11 சிஞ்சில்லாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுசென்றார். குளிர்ந்த மலையிலிருந்து அவற்றைப் படிப்படியாகக் கீழிறக்கி, பயணத்தில் பனிக்கட்டி வைத்துச் சூட்டிலிருந்து காத்தார் என்பர். அமெரிக்காவிலே தோலுக்காகவும் செல்லப் பிராணியாகவும் வளர்க்கப்படும் சிஞ்சில்லாக்களில் மிகப் பெரும்பாலானவை அந்தப் பதினொன்றின் வழி வந்தவை.

கூண்டுகளில் இத்தனை இருக்கும்போது, மலையில் இல்லாமற் போனால் என்ன என்று சிலர் கேட்கலாம். பண்ணையில் பல தலைமுறைகள் வளர்ந்த பிராணிக்கு நரியைத் தெரியாது. வரட்சியில் எந்தச் செடியைக் கொறிப்பது என்பதும் தெரியாது. வளர்த்தவற்றை மலையில் மீண்டும் விட எடுத்த முயற்சிகள் வெற்றி பெறவில்லை. பிராணி பிழைத்தது; ஆனால் அது மலையில் வாழ்ந்த வாழ்க்கை பிழைக்கவில்லை எனலாம்.

எஞ்சிய இடங்கள்

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், காட்டு சிஞ்சில்லா முற்றாக அழிந்துவிட்டது எனப் பலர் கருதினர். 1970களில், சந்தியாகோ நகருக்கு வடக்கே இல்லாபெல் என்னும் ஊருக்கு அண்மையில், அவுக்கோ என்ற இடத்து மலைகளில் சில கூட்டங்கள் உயிரோடிருப்பது வெளியுலகுக்குத் தெரியவந்தது. அவற்றைக் காப்பதற்கென 1983இல் சிலி அரசு 4,229 ஹெக்டெயர் நிலத்தை ஒதுக்கித் தேசிய ஒதுக்கிடமாக்கியது. மேலும் வடக்கே, கொக்கிம்போவுக்கு அப்பால் லா இகேரா என்ற இடத்திலும் கூட்டங்கள் கண்டுபிடிக்கப்பட்டன.

எனினும், பாதுகாப்பு எல்லை வகுத்ததோடு பிரச்சினை முடியவில்லை. அவுக்கோவில் உள்ள கூட்டங்களில் கணிசமானவை ஒதுக்கிட எல்லைக்கு வெளியே, மக்கள் வாழும் நிலங்களில் உள்ளன. வரைபடத்தில் போட்ட கோடு பிராணிக்குத் தெரியாது. வேட்டை ஓய்ந்த பின்பும் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி பெருகவில்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இன்றும் இதனை அழியும் ஆபத்திலுள்ள இனமாகவே வகைப்படுத்தியுள்ளது.

ஆடும் விறகும்

பெருகாமைக்குக் காரணம் என்ன? நிலமே மெலிந்துவிட்டது என்பதுதான் முக்கிய விடை. அப்பகுதியில் நெடுங்காலமாகச் செப்பு முதலிய சுரங்கங்கள் இயங்கின. உலைகளுக்கும் வீடுகளுக்கும் பற்றைகளும் சிறுமரங்களும் வேரோடு வெட்டப்பட்டன. எஞ்சியதை ஆடுகள் மேய்ந்தன. செடி போனால் மண் வெயிலில் காய்கின்றது. மழை பெய்யும் அன்று மேல்மண் ஓடிப்போகின்றது. அடுத்த செடி முளைக்க மண் இல்லை. பொந்து இருந்தாலும், அதைச் சுற்றி உணவில்லாவிட்டால் சிஞ்சில்லா அங்கே நிலைக்க முடியாது.

அவ்வூர் ஆட்டுக்காரர்களும் வசதி படைத்தவர்கள் அல்லர். மழை குறைந்த அந்நிலத்தில் ஆடும், ஆட்டுப்பாலில் செய்யும் வெண்ணெய்க்கட்டியுமே பல குடும்பங்களின் சீவியம். பல இடங்களில் மேய்ச்சல் நிலம் ஊருக்குப் பொதுவானது. எனவே ஆடுகளைத் தடைசெய்து விரட்டுவதால் பிரச்சினை தீராது. உள்ளூர்ச் செடிகளின் விதைகளைச் சேகரித்து, நாற்று வளர்த்து, வெறுமையான சரிவுகளில் நட்டுப் பார்க்கும் வேலையை அங்கே சில குழுக்கள் செய்து வந்துள்ளன. பள்ளிப் பிள்ளைகளும் இதில் சேர்ந்துள்ளனர். வரண்ட மலையில் செடி வளர்வது மெதுவாகவே நடக்கும். ஆனால், சிஞ்சில்லாவுக்கு உணவாகும் அதே செடிதான் மண்ணைப் பிடித்து, ஆட்டுக்காரரின் நிலத்தையும் காக்கின்றது. இரு பகுதியாரின் நன்மையும் ஒரே வேரில் தங்கியுள்ளது என்பதை ஊரவர் உணர்ந்தால் பாதுகாப்பு நிலைக்கும்.

இடம் மாற்றினால் போதுமா?

கடைசியாக ஒரு சம்பவத்தைக் குறிப்பிட வேண்டும். வட சிலியின் அட்டகாமாப் பிரதேசத்தில், தங்கச் சுரங்கம் ஒன்று அமைக்கத் திட்டமிட்ட இடத்துப் பாறைகளில் குட்டைவால் சிஞ்சில்லாக்கள் வாழ்ந்து வந்தன. அவற்றைப் பிடித்து வேறொரு பாறைப் பகுதியில் விட்டுவிடலாம் எனத் தீர்மானித்து, 2020இல் வேலையைத் தொடங்கினர். முதலில் கொண்டுசெல்லப்பட்ட 4 பிராணிகளில் 2 இறந்தன. சிலியின் சுற்றாடல் அதிகாரிகள் அவ்வேலையை நிறுத்தினர்.

புதிய இடத்திலும் பாறை உண்டு, செடி உண்டு, அதே வானந்தான். கணக்கில் பார்த்தால் எதுவும் குறையவில்லை. ஆனால், முன்னே சொன்ன பொந்து அறிவை எவரும் பிடித்துக் கூட்டில் ஏற்றிச் செல்ல முடியாது. இருட்டில் எந்தப் பக்கம் பாய்வது, வெயில் ஏறினால் எங்கே குளிர்ச்சி, எச்சரிக்கைக் குரல் கொடுக்கும் அயலவர் யார் என்பதெல்லாம் பழைய சரிவிலேயே தங்கிவிடுகின்றன. புதியதைக் கற்பதற்குக் காலம் வேண்டும். அக்காலம் கிடைக்குமுன் நரி வந்துவிடலாம். இதை வாசிக்கும் உங்களுக்கு நாம் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கலந்துரையாடலுக்குச் சில கேள்விகள்

1. நீங்கள் வாழ்ந்த ஊரில், ஒரே தாவரம் மனிதருக்கும் விலங்குக்கும் மண்ணுக்கும் பயன்பட்டதற்கு உதாரணங்கள் சொல்லுங்கள். இப்போது இருக்கும் இடத்தில் அத்தகைய தாவரம் உண்டா?

2. அருகிவரும் பொருளின் விலை ஏறுவதால் நன்மை அடைபவர் யார்? இழப்பவர் யார்?

3. பொது மேய்ச்சல் நிலத்தை எல்லோரும் பயன்படுத்தியும் கெடாமல் வைத்திருக்க, உங்கள் பெரியவர்கள் என்ன ஒழுங்குகளைக் கைக்கொண்டனர்?

4. ஒரு குடும்பம் புதிய நிலத்தில் குடியேறும்போது, அந்த நிலத்தை அறிந்துகொள்ள எவ்வளவு காலம் எடுக்கும்? அதுவரை அதற்கு யார், எவ்வாறு உதவலாம்?